ஏர் பியூரிஃபையரில் காற்றின் தர எண் வரவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏர் பியூரிஃபையர் ஓடுகிறது, காற்று வருகிறது, சத்தமும் வழக்கம்போலத்தான். ஆனால் பிஎம்2.5, அதாவது காற்றில் மிதக்கும் நுண்தூசியின் எண், இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள் மட்டும். அல்லது ஆப்பைத் திறந்தால் நேற்று பார்த்த எண்ணே இன்னும் அசையாமல் நிற்கிறது. இந்தப் பக்கம் அந்த ஒரு கோளாறைப் பற்றியது மட்டும்தான். ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்: பல வீடுகளில் சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது, எண்தான் வரும் வழியில் எங்கோ தொலைந்துபோகிறது. எங்கே தொலைகிறது என்று பார்க்காமல் புது சென்சார் வாங்கக் கிளம்பாதீர்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

அந்த எண் எந்த வழியாக உங்கள் கண்ணுக்கு வருகிறது என்று ஒரு தடவை யோசியுங்கள். மெஷினின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அதற்குப் பின்னால் ஏறக்குறைய தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார். அது அளந்ததை மெல்லிய கேபிள் வழியாக மெயின் போர்டுக்கு அனுப்புகிறது. போர்டு அதை டிஸ்ப்ளேயில் காட்டுகிறது. அதே எண் வைஃபை வழியாக ரவுட்டருக்குப் போய், அங்கிருந்து கம்பெனியின் சர்வருக்குப் போய், கடைசியில் உங்கள் போனுக்கு வருகிறது.

இந்த வழியில் டிஸ்ப்ளேதான் நடுவில் இருக்கும் வாசல். முதலில் மெஷினின் முன்னால் போய் நின்று டிஸ்ப்ளேயைப் பாருங்கள். அங்கே எண் ஓடிக்கொண்டிருந்தால் சென்சார், கேபிள், போர்டு மூன்றும் சரி; கோளாறு வைஃபை பக்கம். அங்கேயே எண் இல்லையென்றால் ரவுட்டரை ஆயிரம் தடவை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் பிரயோஜனமில்லை. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல், மாலை முழுக்க வைஃபை பாஸ்வேர்டோடு மல்லுக்கட்டியவர்களை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் நானும் அதில் ஒருவன்.

எண் காட்டாமல் நிற விளக்கு மட்டும் காட்டும் மாடல் என்றால் அந்த விளக்குதான் உங்கள் டிஸ்ப்ளே. நிறம் மாறுகிறதா என்று பாருங்கள்.

என் மெஷினில் சென்சார் இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது?

வெட்கப்பட வேண்டாம், நியாயமான சந்தேகம்தான். எல்லா மாடலிலும் சென்சார் கிடையாது. ஆப் பொதுவானதாக இருப்பதால் குழப்பம் வருகிறது. ஒரே ஆப்பில் ஒரு மாடலுக்கு எண் வரும், இன்னொன்றுக்கு வராது. உதாரணத்துக்கு, லெவாய்ட் கோர் 200எஸ்ஸில் பிஎம்2.5 சென்சாரே இல்லை. அதே வரிசையில் 300எஸ், 400எஸ் இரண்டிலும் உண்டு. பார்ப்பதற்கு ஒரே ஜாடை.

சுலபமான அடையாளம் ‘ஆட்டோ’ பட்டன். காற்றின் தரத்தைப் பார்த்துத் தானாக வேகம் மாற்ற வேண்டுமானால் சென்சார் வேண்டும். ஆட்டோ இல்லையென்றால் பெரும்பாலும் சென்சாரும் இல்லை.

ஆன் செய்தவுடன் எண் வருவதில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வருகிறது. கோளாறா?

இல்லை. சென்சாருக்குள் இருக்கும் குட்டி ஃபேன் சுழன்று, உள்ளே காற்று சீராக ஓட வேண்டும். வீட்டுக் கருவிகளில் பரவலாகப் பயன்படும் பிளான்டவர் பிஎம்எஸ்5003 சென்சாரை உறக்கத்திலிருந்து எழுப்பினால், 30 வினாடிக்குப் பிறகு வருவதைத்தான் நம்பலாம். அதனால் பல மெஷின்கள் அதுவரை கோடு காட்டும், அல்லது விளக்கை ஒவ்வொரு நிறமாக மாற்றிக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடம் ஆகியும் வரவில்லையென்றால் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

குளிரான இடத்திலிருந்து வெதுவெதுப்பான அறைக்கு மெஷினை இப்போதுதான் கொண்டுவந்தீர்களா? அப்படியானால் லென்ஸில் நீர் படிந்திருக்கலாம். சில மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள்.

புது மெஷின். முதல் நாளிலிருந்தே எண் சரியில்லை.

சென்சார் துளையின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஃபிலிமை உரித்தீர்களா? கண்ணாடிபோல் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் தடவிப் பாருங்கள். அப்படியே ஃபில்டரையும் வெளியே எடுத்துப் பாருங்கள். அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பையோடு வைத்து மாதக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு. அப்படி ஓட்டினால் சென்சார் சரியாக அளக்கும், ஆனால் எண் குறையவே குறையாது. பழி சென்சார் மேல் விழும்.

சென்சார் எதை, எப்படி அளக்கிறது?

இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கோளாறை நீங்களே ஊகித்துவிடலாம். சென்சாருக்குள் ஒரு இருண்ட அறை. அதற்குள் ஒரு லேசர் கதிர் ஓடுகிறது. விலை குறைந்த வகைகளில் லேசருக்குப் பதில் அகச்சிவப்பு எல்இடி. குட்டி ஃபேன் அறையின் காற்றை அந்தக் கதிரின் குறுக்கே இழுக்கிறது. தூசி ஒன்று கதிரில் குறுக்கிட்டால் ஒளி சிதறும். ஜன்னல் வழியே வெயில் விழும்போது தூசி மின்னுமே, அதேதான். சிதறிய ஒளியை ஓரத்தில் இருக்கும் ஒளிக்கண் பார்த்து, எத்தனை தூசி, என்ன அளவு என்று கணக்கிட்டு, ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் என்று சொல்கிறது. பிஎம்2.5 என்றால் 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்கள்.

அதாவது சென்சார் தூசியை எடை போடுவதில்லை, பார்க்கிறது. பார்க்கிற எதற்கும் வருகிற நோய்தான் இதற்கும் வரும்: கண்ணில் தூசி விழும், கண் மங்கும், விளக்கு அணைந்துபோகும்.

எண் எப்போதும் 1 என்றே நிற்கிறது. காற்று அவ்வளவு சுத்தமா, சென்சார் செத்துவிட்டதா?

இரண்டுமே நடக்கும். பல மெஷின்களில் காட்டக்கூடிய மிகக் குறைந்த எண்ணே 1தான். கதவு ஜன்னல் மூடிய அறையில் நல்ல ஃபில்டர் இரண்டு மணி நேரம் ஓடினால் 1 வருவதில் ஆச்சரியமில்லை.

சந்தேகம் தீர ஒரு சின்னப் பரீட்சை. ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி, ஊதி அணைத்து, அதன் புகை சென்சார் துளை இருக்கும் பக்கமாகப் போகும்படி ஒரு அடி தள்ளிப் பிடியுங்கள். திரைச்சீலை பக்கத்தில் இருக்கக் கூடாது, குச்சியைக் காற்று இழுக்கும் வாய்க்கு மிக அருகில் கொண்டுபோகவும் கூடாது. உயிருள்ள சென்சார் அரை நிமிடத்துக்குள் துள்ளிவிடும். எண் 1-லிருந்து சட்டென்று நூறைத் தாண்டிப் போய், பிறகு மெல்ல இறங்கும். போர்வையை உதறிப் பார்க்கலாமே என்று கேட்பார்கள். உதறலாம், ஆனால் அதில் பறப்பது பெரும்பாலும் பெரிய தூசி, பிஎம்2.5 எண் லேசாகத்தான் அசையும். அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. புகைதான் சரியான சாட்சி.

புகைக்கும் அசையவில்லையென்றால் மூன்று காரணங்கள் இருக்கலாம். துளை அடைத்திருக்கலாம். உள்ளே இருக்கும் குட்டி ஃபேன் நின்றுபோயிருக்கலாம். அப்போது அறைக்குள் பழைய சுத்தமான காற்றே தேங்கி நிற்கும், சென்சார் அதையே திரும்பத் திரும்ப அளந்து 1 என்று நேர்மையாகச் சொல்லிக்கொண்டிருக்கும். அல்லது லேசரே அணைந்திருக்கலாம். முதலாவதை வீட்டில் சரிசெய்யலாம். மற்ற இரண்டுக்கும் சென்சாரை மாற்றுவதுதான் வழி.

இன்னொன்று: அகச்சிவப்பு எல்இடி வகைகள் சிலவற்றில் ஃபேன் கிடையாது. ஒரு சின்ன ரெசிஸ்டர் சூடாகி, அந்தச் சூட்டில் காற்று மேலே எழும்பும். அந்த ஓட்டத்தை நம்பித்தான் அளவே. மெஷினைப் படுக்கவைத்தால் அந்த ஓட்டம் கெட்டுவிடும். மெஷின் நிமிர்ந்து நிற்கட்டும்.

இதற்கு நேர்மாறு. எண் 500-லேயே, அல்லது 999-லேயே நிற்கிறது. அறை சுத்தமாகத்தான் இருக்கிறது.

லேசர் கதிரின் குறுக்கே ஏதோ நிரந்தரமாகக் குடியேறிவிட்டது என்று அர்த்தம். ஒரு முடி, பஞ்சு இழை, குட்டிப் பூச்சி. தூசி வந்து போகும், இது போகாது. ஒளி இடைவிடாமல் சிதற, சென்சார் அதைப் பெரும் புகை என்று எடுத்துக்கொள்கிறது.

என் வீட்டு மெஷின் ஒருமுறை நான்கு நாள் 999 காட்டியது. ராத்திரி முழுக்க முழு வேகத்தில் இரைந்து தூக்கத்தைக் கெடுத்தது. சர்வீஸுக்குப் போன் செய்தால், ‘அறையைக் காற்றோட்டமாக வையுங்கள்’ என்றார்கள். கடைசியில் சென்சார் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், லென்ஸுக்கு முன்னால் தலைமுடியில் பாதி தடிமன்கூட இல்லாத ஒரு சிலந்தி நூல். ஃபேன் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பஞ்சு முனையால் தொட்டதும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மூடியை மாட்டி ஆன் செய்தேன்: 7.

சென்சாரை எப்படிச் சுத்தம் செய்வது?

முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பட்டனில் ஆஃப் செய்வது போதாது. அது உறக்கம்தான், உள்ளே மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும்.

சென்சாருக்கென்று தனி மூடி இருக்கிறதா என்று தேடுங்கள். பல மாடல்களில் பக்கவாட்டில் விரல் நகத்தால் நெம்பினால் திறக்கும் ஒரு சதுர மூடி இருக்கும். சில மாடல்களில் அதன் பின்னால் மெல்லிய வலைபோல் ஒரு முன் ஃபில்டரும் உண்டு. தூசி முதலில் படிவது அதில்தான். அதை எடுத்து மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். வேக்குவம் கிளீனர் இருந்தால் குறைந்த வேகத்தில், துளைக்கு வெளியே பிடித்து இழுக்கவிடுங்கள்.

உள்ளே லென்ஸ் தெரிந்தால், அது மிளகு அளவுக்குப் பளபளவென்று ஒரு புள்ளியாக இருக்கும். உலர்ந்த காட்டன் பட்ஸால் ஒரு சுற்று, அவ்வளவுதான். பஞ்சு முனையில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் வரும். ரொம்பப் பிசுக்காக இருந்தால் பட்ஸைத் தண்ணீரில் தொட்டு நன்றாகப் பிழிந்துவிட்டு ஒரு முறை துடையுங்கள், உடனே உலர்ந்த பட்ஸால் இன்னொரு முறை. லென்ஸைத் துடைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். காற்று உள்ளே வரும் துளை, வெளியே போகும் துளை இரண்டையும் துடைக்க வேண்டும். ஒன்று அடைத்தால் இன்னொன்று திறந்திருந்தும் காற்று ஓடாது.

சோப்பு, ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். லென்ஸ் பிளாஸ்டிக்காக இருக்கலாம், மங்கிவிடும். பக்கத்தில் வாயு சென்சார் இருந்தால் அந்த ஆவி அதையும் குழப்பும். முழுக்க உலர்ந்த பிறகுதான் மூடியை மாட்டிப் பிளக்கைச் சொருக வேண்டும்.

பல கம்பெனிகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்கின்றன. நாய், பூனை இருக்கும் வீடு என்றால் அதையே ஒரு மாதமாக்குங்கள்.

சில மாடல்களில் லென்ஸ் வெளியே தெரியாது, முழுக்க மூடிய உலோகப் பெட்டியாக இருக்கும். அதை ஸ்க்ரூ கழற்றித் திறக்காதீர்கள். உள்ளே இருப்பது லேசர். மூடியிருக்கும்வரைதான் கண்ணுக்கு ஆபத்தில்லை.

ஸ்ப்ரே கேனில் வரும் அழுத்தக் காற்றை அடிக்கலாமா?

நான் அடிக்க மாட்டேன். அந்த வேகத்தில் குட்டி ஃபேன் தாறுமாறாகச் சுழன்று பேரிங் போய்விடும், ஓரத்தில் இருந்த தூசியும் லென்ஸுக்கே போய் ஒட்டும். கேனைச் சாய்த்துப் பிடித்தால் திரவமாகவும் வரும்.

டிஸ்ப்ளேயில் வெறும் கோடுகள். சுத்தம் செய்தும் வரவில்லை.

கோடு வேறு, 1 வேறு. 1 வந்தால் சென்சார் ஏதோ பேசுகிறது. கோடு என்றால் போர்டுக்கு ஒரு பேச்சும் வரவில்லை. மேலே சொன்ன பிஎம்எஸ்5003 ஒவ்வொரு முறையும் 32 பைட் கொண்ட ஒரு சின்னத் தந்தியை அனுப்பும். கடைசி இரண்டு பைட் சரிபார்ப்புக் கூட்டல். கூட்டல் தப்பினால் போர்டு அந்தத் தந்தியையே தூக்கிப் போட்டுவிடும். கேபிள் முனை கொஞ்சம் நழுவினாலும் இதே கதைதான்.

அதனால் கேளுங்கள்: சமீபத்தில் மெஷின் கீழே விழுந்ததா? வீடு மாற்றினீர்களா? யாராவது திறந்தார்களா? ஆமாம் என்றால் கேபிள் மேல்தான் என் சந்தேகம். பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி சொருகிப் பாருங்கள். போர்டு சென்சாரை முதலிலிருந்து தேடும், சில சமயம் அதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் மெஷினைத் திறந்துதான் ஆக வேண்டும். வாரன்ட்டி இருக்கும்வரை அது உங்கள் வேலையில்லை.

திரை முழுவதுமே இருட்டாக இருந்தால் இது எதுவும் இல்லை. ஸ்லீப் மோடில் டிஸ்ப்ளே அணைந்திருக்கும். விளக்குப் பட்டனை ஒரு தட்டுத் தட்டுங்கள்.

மெஷினில் எண் நன்றாகத் தெரிகிறது. ஆப்பில் மட்டும் வரவில்லை.

இதுதான் நான் அதிகம் கேட்கும் கேள்வி. முதலில் ஆப்பிலிருந்து வேகத்தை மாற்றிப் பாருங்கள். மெஷின் கீழ்ப்படிந்தால் இணைப்பு இருக்கிறது, எண் மட்டும்தான் வரவில்லை. ஆப்பையும் மெஷினின் ஃபர்ம்வேரையும் (மெஷினுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் செய்யுங்கள். ஆப்பிலிருந்து வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். போனுக்கும் மெஷினுக்கும் வேறு வேறு நாடு அல்லது சர்வர் தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மெஷின் கீழ்ப்படியவில்லையென்றால் இணைப்பே அறுந்திருக்கிறது. ரவுட்டர் மாற்றினீர்களா, பாஸ்வேர்டு மாற்றினீர்களா என்பதுதான் முதல் கேள்வி. போனும் லேப்டாப்பும் கேட்டுக்கொண்டு மாறிவிடும். பியூரிஃபையர் வாய் திறக்காமல் பழைய பாஸ்வேர்டையே முயன்றுகொண்டிருக்கும். அடுத்தது அலைவரிசை. இந்த வகைக் கருவிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் வேலை செய்யும். இப்போதைய ரவுட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டுகின்றன. அப்படியானால் முதல் இணைப்பின்போது மட்டுமாவது 2.4-க்குத் தனிப் பெயர் கொடுங்கள், இணைந்த பிறகு பழையபடி மாற்றிக்கொள்ளலாம். ரவுட்டரின் பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2-வையும் அனுமதியுங்கள். விருந்தினர் நெட்வொர்க்கில் இணைத்திருந்தால் ரவுட்டர் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க விடாது. சில ஆப்கள் அதில் திணறும்.

போனின் அனுமதிகளும் ஒரு காரணம். ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல், ‘உள் நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைத் தேட அனுமதிக்கவா’ என்று ஒரு கேள்வி வரும். எரிச்சலில் வேண்டாம் என்று தட்டியிருப்போம். அமைப்புகளில் போய் அதைத் திருப்பிப் போடுங்கள். ஆண்ட்ராய்டில் புதிதாக இணைக்கும்போது இருப்பிட அனுமதி கேட்கும். வைஃபை பெயர்களைத் தேட அது தேவைப்படுகிறது.

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? கம்பெனியின் சர்வர் படுத்திருக்கலாம். ஒரு நாள் பொறுங்கள்.

மெஷினை ஆஃப் செய்ததும் ஆப்பில் எண் மறைகிறது, அல்லது பழைய எண்ணே நிற்கிறது.

அது அப்படித்தான். பல மாடல்கள் ஆஃபில் இருக்கும்போது சென்சாரையும் தூங்கவைத்துவிடும். லேசருக்கு ஆயுள் கணக்கு உண்டு, அதை வீணாக்கக் கூடாது என்பதற்காக. ராத்திரியும் எண் வேண்டுமென்றால் மெஷினைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள்.

ஹோம் அசிஸ்டன்ட்டில் (வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் இணைக்கும் மென்பொருள்) ‘அன்அவைலபிள்’ என்று ஒரு சமயம் வருகிறது, ‘அன்நோன்’ என்று ஒரு சமயம் வருகிறது. இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை. ‘அன்அவைலபிள்’ என்றால் ஹோம் அசிஸ்டன்ட்டால் கருவியை எட்டவே முடியவில்லை. ரவுட்டர் அதற்குப் புது ஐபி முகவரி கொடுத்திருக்கலாம். ரவுட்டரில் அந்தக் கருவிக்கு நிரந்தர முகவரி ஒதுக்குங்கள். கம்பெனி சர்வர் வழியாக வரும் இணைப்பு என்றால் லாகின் காலாவதியாகியிருக்கலாம். ‘அன்நோன்’ என்றால் இணைப்பு இருக்கிறது, இந்த ஒரு எண் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. மெஷின் ஆஃபில் இருக்கிறதா, அந்த மாடலில் அந்த சென்சார் உண்மையிலேயே உண்டா என்று பாருங்கள். ஃபர்ம்வேர் அப்டேட் ஆன மறுநாள் எண் காணாமல்போனால், ஹோம் அசிஸ்டன்ட்டில் அந்த மெஷினுக்கான இணைப்பு நிரலையும் அப்டேட் செய்யும்வரை வராமல் போகலாம்.

ஆப்பில் 100, டிஸ்ப்ளேயில் 35. எது பொய்?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். 35 என்பது ஒரு கன மீட்டரில் 35 மைக்ரோகிராம் தூசி. 100 என்பது அதை ஏக்யூஐ, அதாவது காற்றுத் தரக் குறியீடு என்ற அளவுகோலுக்கு மாற்றிய மதிப்பெண். அந்த அளவுகோல் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கக் கணக்கில் 35.4 மைக்ரோகிராம் சரியாக ஏக்யூஐ 100. இந்தியக் கணக்கில் அதே தூசி 58-ஐ ஒட்டி வரும். ஒரே காற்றுதான், மதிப்பெண் போடும் வாத்தியார் வேறு. போதாக்குறைக்கு, சில மெஷின்கள் 1 முதல் 12 வரை என்று சொந்தமாக ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றன. எந்த அலகு என்று பார்க்காமல் ஒப்பிடாதீர்கள்.

இன்னொரு மானிட்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ‘அதில் 12, இதில் 4’ என்று பதறுபவர்களுக்கு: பிஎம்எஸ்5003-க்கு அதைச் செய்தவர்களே 100 வரை ±10 மைக்ரோகிராம் வித்தியாசம் வரலாம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். 4-க்கும் 12-க்கும் சண்டையே இல்லை. போதாததற்கு பியூரிஃபையரின் சென்சார் மெஷினோடு ஒட்டியே இருக்கிறது. அறையின் மூலையில் இருப்பது அதற்குத் தாமதமாகத்தான் தெரியும்.

வாயு எண், அதாவது விஓசி (காற்றில் எளிதில் ஆவியாகிக் கலக்கும் கரிமச் சேர்மங்கள்), எப்போதும் 100-ஐச் சுற்றியே நிற்கிறது.

சென்சிரியன் எஸ்ஜிபி40 வகை சென்சாராக இருந்தால் அதுதான் ஒழுங்கு. அதன் விஓசி எண் 1 முதல் 500 வரை ஓடும். கடந்த 24 மணி நேரத்தின் சராசரிதான் 100. அறைக்குப் பழகிக்கொண்டு, வழக்கத்தைவிட மோசமா, தேவலையா என்று மட்டும் சொல்லும். அறை நாள் முழுக்க ஒரே மாதிரி நாறினாலும் 100 என்றுதான் சொல்லும். இந்த வகை உலோக ஆக்சைடு சென்சார்கள் சூடாகித்தான் வேலை செய்யும் என்பதால் முதல் ஓரிரு நாள் வரும் எண்களைப் பொருட்படுத்தாதீர்கள்.

இந்த சென்சாருக்கு சிலிக்கோன் ஆவி ஆகாது. சீலன்ட் பூசிய அறையிலோ, தலைமுடிக்கு ஸ்பிரே அடிக்கும் கண்ணாடிக்குப் பக்கத்திலோ மெஷினை வைக்காதீர்கள். உணர்வு போனால் திரும்புவது கஷ்டம்.

முக்கியமாக ஒன்று. தூசி சென்சாருக்கு கார்பன் மோனாக்சைடு தெரியாது. விஓசி எண்ணை நம்பி எரிவாயுக் கசிவைக் கண்டுபிடிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். அதற்கான அலாரம் தனி.

ஈரப்பதமூட்டி போட்டதும் எண் எகிறுகிறது.

மீயொலி வகை ஹ்யூமிடிஃபையராக இருக்கும். லேசருக்கு நீர்த்துளியும் தூசியும் ஒன்றுதான். துளி காய்ந்த பிறகு தண்ணீரில் இருந்த உப்பு நிஜமான தூசியாகவே மிதக்கும். இரண்டையும் தள்ளித் தள்ளி வையுங்கள், காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள்.

எண் வராதபோது மெஷினை ஓட்டலாமா?

தாராளமாக. தூசியைப் பிடிப்பது ஃபில்டரும் ஃபேனும். சென்சார் வெறும் சாட்சி. ஆனால் ஆட்டோவில் விடாதீர்கள். சென்சார் 1-லேயே நின்றால் ஆட்டோ மிகக் குறைந்த வேகத்தில் முனகிக்கொண்டிருக்கும், அறையில் புகை நிறைந்தாலும் எழாது. கையால் நடு வேகத்தில் வையுங்கள்.

ஃபில்டர் மாற்றினால் எண் வந்துவிடுமா?

வராது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ‘ஃபில்டர் ஆயுள் 12%’ என்று வருவதும் பெரும்பாலும் ஓடிய மணி நேரத்தை வைத்துப் போடும் கணக்குதான். சென்சார் ஃபில்டரைப் பார்ப்பதேயில்லை.

சென்சாருக்கு ஆயுள் எவ்வளவு?

வகையைப் பொறுத்தது. நோவா எஸ்டிஎஸ்011-க்கு 8000 மணி நேரம் என்று குறித்திருக்கிறார்கள். நிறுத்தாமல் ஓட்டினால் 333 நாள். விட்டுவிட்டு அளந்தால் வருடக்கணக்கில் இழுக்கலாம். பிஎம்எஸ்5003-க்கு மூன்று வருடத்துக்குக் குறையாது என்கிறார்கள். சென்சிரியன் எஸ்பிஎஸ்30, 24 மணி நேரமும் ஓடினாலும் பத்து வருடத்துக்கு மேல் என்று சொல்லி விற்கப்படுகிறது. உங்கள் மெஷினுக்குள் எது இருக்கிறது என்பது அட்டைப்பெட்டியில் இருக்காது. நாலைந்து வருடம் இரவுபகலாக ஓடிய மெஷின் தீக்குச்சிப் புகைக்கு அசையவில்லையென்றால் அதன் காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

சென்சாரை மட்டும் தனியாக வாங்கி மாட்டலாமா என்றால், ஒரே சென்சார்போல் தோன்றினாலும் கம்பெனிக்காகவே செய்த வகையாக இருந்தால் போர்டு அதோடு பேசாது. பின் வரிசையும் மாறலாம். சாலிடரிங் கை இருப்பவர்கள் முயலட்டும், மற்றவர்கள் வேண்டாம்.

ஃபேக்டரி ரீசெட் செய்யட்டுமா?

கடைசியில். வைஃபை, அட்டவணை, பெயர் எல்லாம் போய்விடும். டிஸ்ப்ளேயிலேயே எண் இல்லாத கோளாறுக்கு ரீசெட் உதவுவது அபூர்வம்.

சர்வீஸில் என்ன சொல்ல வேண்டும்?

‘ரீடிங் வரவில்லை’ என்று மட்டும் சொன்னால் ஆன் செய்து ஆஃப் செய்யச் சொல்வார்கள். இப்படிச் சொல்லுங்கள்: டிஸ்ப்ளேயில் கோடு அல்லது இன்ன எண், பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் வைத்தாயிற்று, சென்சார் துளை சுத்தம் செய்தாயிற்று, தீக்குச்சிப் புகைக்கு எண் அசையவில்லை. புகை காட்டும்போது போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த வீடியோ இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். மாடல் எண், சீரியல் எண் மெஷினின் அடியிலோ ஃபில்டர் மூடிக்கு உள்ளேயோ ஒட்டியிருக்கும்.

எண் திரும்ப வந்துவிட்டது. விட்டுப்போன நாட்களின் கணக்கும் ஆப்பில் வருமா?

சென்சாரே அளக்காத நாட்கள் என்றால் வராது. அந்த நாட்கள் வரைபடத்தில் இடைவெளியாகவே இருக்கும். வைஃபை மட்டும் அறுந்திருந்தது என்றாலும் பெரும்பாலும் வராது. பல மெஷின்கள் எண்ணைச் சேமித்து வைப்பதில்லை, அந்தந்த நொடியில் அனுப்பிவிட்டு மறந்துவிடும்.